பூச்சு எட்டு, கட்டுமானம் இரண்டு

பூந்தமல்லி டிரங்க் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற சந்துகளில் முஸ்தகீமைக் கேட்டால், "யாரு, சாதுல்லா டிரைவர் புள்ளையா? அம்பத்தூர்ல ஸ்பிரிங் கம்பெனிக்குப் போறாரே, அவரா?" என்பார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு எதுவும் தெரியாது. காலை ஆறரைக்கு வண்டியை உதைத்துக் கிளப்புவார், சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு திரும்புவார், யார் வம்புக்கும் போக மாட்டார். நாற்பத்திரண்டு வயது. மனைவி சஹர், பன்னிரண்டாவது படிக்கிற மகள் அதீபா. இரண்டு அறை வீடு.

அந்தச் சந்துக்குத் தெரியாத இன்னொரு முஸ்தகீம் இருந்தார். அவரைத் தெரிந்தவர்கள் கோயம்புத்தூரிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உட்கார்ந்திருந்தார்கள். பதினோராயிரம் பேர். 'கோட்டை கொத்தளம்' என்ற இணையப் பக்கத்தில் அவர் எழுதுவதைப் படிக்காமல் அவர்களில் பாதிப் பேர் ஒரு விளையாட்டையும் வாங்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் ஆடுகிற சரித்திரப் போர் விளையாட்டுகள்தான் அவருடைய துறை. ரோமாபுரிப் படைகள், ஜப்பான் கோட்டைகள், மங்கோலியக் குதிரைகள் என்று எது வந்தாலும் ஆடிப் பார்ப்பார், தராசில் போடுவார், எழுதுவார். தமிழில் அந்த வேலையை அவரைப் போல விலாவாரியாகச் செய்தவர் வேறு யாரும் இல்லை.

தராசு என்று சும்மா சொல்லவில்லை. கம்பெனியில் அவர் வேலையே அளப்பதுதான். ஸ்பிரிங்கை எடுத்துக் கேஜ் என்கிற அளவுக் கருவிக்குள் விட்டால் போக வேண்டும், அல்லது போகக் கூடாது. நடுவில் ஒன்றும் கிடையாது. சூப்பர்வைசரே வந்து கெஞ்சினாலும் போகாத ஸ்பிரிங்கை அவர் போக விட்டதில்லை. அதே மனசோடுதான் விளையாட்டுகளையும் அளந்தார். ஒவ்வொரு கட்டுரையின் முடிவிலும் இரண்டு எண் இருக்கும். பூச்சு என்று ஒன்று: படம், இசை, அந்தக் காலத்துக்குள் போய் நின்றது போல நமக்குத் தோன்றுகிறதே, அது. கட்டுமானம் என்று இன்னொன்று: விதிகள், கணக்குகள், ஒரு முடிவு எடுத்தால் அதன் வினை எவ்வளவு தூரம் போகிறது என்பது. பூச்சு பத்துக்கு, கட்டுமானம் பத்துக்கு. வாசகர்கள் தங்களுக்குள் பேசும்போதுகூட அந்தச் சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். "வெறும் பூச்சுப்பா அது" என்று ஒருவன் சொல்லிவிட்டால் அந்த விளையாட்டின் கதை முடிந்தது.

பூச்சுக்கு அவரிடம் மரியாதை இல்லை. எண் போடுவார், ஆனால் வேண்டா வெறுப்பாகப் போடுவார். "வீடு வாங்கப் போறவன் சுண்ணாம்பயா பார்ப்பான்?" என்பது அவர் கட்சி. இந்த உலகத்தில் அவருக்கென்று இருந்த ஒரே பெருமை, முஸ்தகீம் சொன்னால் சரியாக இருக்கும் என்று முகம் தெரியாத பதினோராயிரம் பேர் நம்பியதுதான். சம்பளம் உயரவில்லை, வீடு பெரிதாகவில்லை, அந்தப் பேர் ஒன்றுதான் மிச்சம். அதை அவர் கண்ணைப் போலக் காத்தார்.

இங்கே ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். முஸ்தகீம் இத்தனை விளையாட்டுகளையும் சத்தம் இல்லாமல்தான் ஆடினார்.

அவருக்கு இருபது வயதில் வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. அத்தா சாதுல்லா அப்போது ராத்திரி லாரி ஓட்டினார், பகலில்தான் தூக்கம். கம்ப்யூட்டர் வைத்த அறையும் அவர் படுக்கிற அறையும் ஒன்று. பெட்டியைப் பிரிக்கும்போதே சொல்லிவிட்டார்: "அது இன்னா வோணா பண்ணட்டும்டா. சத்தம் மட்டும் வந்துதுன்னா தூக்கித் தெருவுல கடாசிடுவேன்." முஸ்தகீம் அன்றைக்கே ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிப் பரணில் போட்டார். அத்தா லாரி ஓட்டுவதை நிறுத்தியபோது அதீபா பிறந்து தொட்டிலில் தூங்கினாள். அத்தா மௌத்தாகிப் போனபோது அதீபா பள்ளிக்கூடத்தில் சேர்ந்து பாடம் படிக்க ஆரம்பித்திருந்தாள். யாராவது ஒருவர் அந்த வீட்டில் எப்போதும் தூங்கினார்கள், இல்லாவிட்டால் படித்தார்கள். கம்ப்யூட்டர் போய் மடிக்கணினி வந்தது. வாங்கிய அன்றைக்கே மியூட் பட்டனை அமுக்கினார், அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை. கம்பெனியில் பகல் முழுக்கப் பிரஸ் மிஷின் இரைச்சலில் காதை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆளுக்கு, சத்தம் இல்லாத விளையாட்டு ஒரு குறையாகவும் படவில்லை. பூச்சு எண்ணையும் படத்தை மட்டும் பார்த்தே போட்டுவிடுவார். எங்கேயும் அவர் இதை எழுதியதில்லை. மறைக்கவில்லை. சட்டை போட்டுக்கொண்டு ஆடினேன் என்று யாராவது எழுதுவார்களா, அது மாதிரிதான்.

விஷ்ணு அறிமுகமானது ஒரு சண்டையில். ஜப்பான் கோட்டை விளையாட்டு ஒன்றுக்கு முஸ்தகீம் கட்டுமானம் நான்கு போட்டிருந்தார். கீழே ஒருவன் நீளமாக மறுப்பு எழுதியிருந்தான். மரியாதையான மறுப்பு. விசாரித்தால் அவன் வேலப்பன்சாவடியில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறான், தென்காசிக்காரன், சாஃப்ட்வேர் வேலை. இத்தனை பக்கத்தில் ஒருவனா என்று அந்த ஞாயிற்றுக்கிழமையே நசரத்பேட்டையில் ஹைவே ஓரமாக ஒரு டீக்கடையில் சந்தித்தார்கள். முஸ்தகீமைவிடப் பத்து வயது சின்னவன். பார்த்ததும் "அண்ணே" என்றான், கடைசிவரை அதே அண்ணேதான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் அதே டீக்கடை, அதே சண்டை.

"மழை பெய்யற சத்தத்த கேட்டுகினு குந்திகினு இருக்கறதுக்கு இன்னாத்துக்கு நைனா விளையாட்டு? மாடில போய் உக்காந்தா பத்தாதா?" என்பார் முஸ்தகீம்.

"அப்படி இல்லண்ணே. நாளைக்குக் காலைல கோட்டைய அடிக்கணும். முந்தின நாள் மழை. கூடாரத்துல ஒருத்தன் இருமுதான். அந்த இருமல் இல்லன்னா எனக்கு அவன் வெறும் நம்பர்ண்ணே."

"நம்பர்தான். போர்ல எல்லாம் நம்பர்தான். நீ அந்த ஐரோப்பா வரைபட ஆட்டத்தப் பாரு. படம்னு ஒண்ணு கீதா? கட்டம்தான். ஆனா உப்பு வரிய நீ இன்னிக்கு ஏத்துனா, அம்பது வருசம் கழிச்சு எங்கியோ ஒரு மூலைல கலகம் வருது. ஏன் வந்துச்சுன்னு நூல் புடிச்சுகினே போனா உன் வரில போய் நிக்குது. அது ஆழம். உன் ஆட்டத்துல மழை பேஞ்சா இன்னா ஆவுது? நனையறான். அவ்ளோதான."

"உங்க ஆட்டத்துல நாப்பதாயிரம் பேர் செத்தா ஒரு மூலைல எண்ணு குறையுது. எனக்கு ஒண்ணுமே தோணலண்ணே. அந்தக் கோட்டை ஆட்டத்துல ஒரு குதிரை விழுந்து கத்துச்சு பாருங்க, நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிட்டேன். அன்னைக்குச் சோறு எறங்கல."

"அது பூச்சு. உன்ன ஏமாத்திகீறான் அவன்."

விஷ்ணு சிரிப்பான். சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "ரெண்டும் ஒண்ணா இருக்கவே முடியாதாண்ணே? பூச்சே கட்டுமானமா?"

"சுவத்த சுண்ணாம்புலயே கட்டுவியா நீ?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரருக்குக் காசு கொடுக்க எழுந்தார் முஸ்தகீம். இந்தப் பதிலை அவர் ரொம்ப ரசித்தார். வீட்டுக்குப் போய்ச் சஹரிடம்கூடச் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து விஷ்ணு வேலையை விட்டான். ஒரு விளையாட்டைச் செய்யப் போகிறேன் என்றான். அவன் மனைவி கனிமொழி படம் வரைகிறவள். படம் முழுக்க அவள் பொறுப்பு. கூடப் படித்த இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். 'ஆர்க்காட்டுச் சாலை' என்று பேர். நவாபு காலத்துக் கர்நாடகப் போர்கள், ஆர்க்காட்டிலிருந்து சென்னைப் பட்டணம் வரும் சாலை, சாலையோரம் ஒரு சின்னக் கோட்டை, அதைக் காக்கிற ஒரு கில்லேதார். நம்ம பூந்தமல்லி வழியாகத்தான் சாலை போகிறது என்றபோது முஸ்தகீமுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. விதிகளைப் பற்றிக் கேட்டார். விஷ்ணு பிடி கொடுக்கவில்லை.

"ஆடிப் பாருங்கண்ணே. அப்புறம் பேசுவோம்."

மூன்று வருஷம் ஓடியது. டீக்கடைச் சந்திப்பு மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது. ஒரு நாள் விஷ்ணு போன் செய்தான். குத்தம்பாக்கத்தில் ஒருவரிடம் பழைய மாட்டு வண்டி இருக்கிறதாம், காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அது பாரத்தோடு போகிற சத்தத்தைப் பதிவு செய்யப் போகிறார்களாம். "நீங்களும் வாங்கண்ணே. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்."

"மாட்டு வண்டி சத்தத்துக்கு ஒரு நாள் லீவா? போ நைனா, போய் விதிய எழுது" என்று சொல்லிப் போனை வைத்தார். வைத்த பிறகு, பையன் பூச்சிலேயே காலத்தை ஓட்டுகிறானே என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

விளையாட்டு வந்தது. விஷ்ணு இலவசமாக ஒன்று அனுப்பினான். முஸ்தகீம் அதைத் தொடவில்லை, காசு கொடுத்துத் தனியாக வாங்கினார். நடுவர் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். திறந்ததும் முதல் திரையில், ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆடவும் என்று எழுதியிருந்தது. எல்லா விளையாட்டிலும்தான் அப்படி எழுதுகிறான். அமுக்கித் தள்ளிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே போனால் இருட்டு. கோட்டையைச் சுற்றிக் கூப்பிடு தூரம்தான் கண்ணுக்குத் தெரிந்தது, மற்றதெல்லாம் கருப்பு. எந்தப் பக்கத்தில் பீரங்கியைத் திருப்புவது என்று தெரியவில்லை. வடக்கே திருப்பினால் எதிரி தெற்கே முளைத்தான். தெற்கே திருப்பினால் மேற்கே. ஒற்றர்கள் கிடையாது, குறிப்பு கிடையாது, எண் கிடையாது. அரிசி வண்டிகள் வருமா வராதா என்பதும் தெரியாது. மூன்று கட்டம் தட்டுத் தடுமாறி ஆடினார். ஏழு மணி நேரம். மூன்றாவது கட்டத்தில் ஒன்பது முறை கோட்டை விழுந்தது. பத்தாவது முறை மடிக்கணினியை மூடினார்.

நண்பன் செய்த விளையாட்டு. வேறு யாராவது செய்திருந்தால் இன்னும் கொஞ்சம் ஆடியிருப்பாரோ என்னவோ. நண்பன் என்பதால் முஸ்தகீம் சலுகை காட்டினார் என்று பதினோராயிரம் பேரில் ஒருவன் நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில் பேனாவைக் கொஞ்சம் கூடுதலாகவே அழுத்தினார். இப்படி எழுதினார்:

"எதிரி எந்தத் திசையிலிருந்து வருகிறான் என்பதை அறிந்துகொள்ள ஆட்டக்காரனுக்கு ஒரு வழியும் கொடுக்கப்படவில்லை. முடிவெடுக்க எதுவும் இல்லாத இடத்தில் யோசிக்கவும் எதுவும் இல்லை. இது போர் விளையாட்டு அல்ல, பூவா தலையா போடுகிற விளையாட்டு. படம் வரைந்த கை நல்ல கை. விதி எழுதியவர் இன்னும் விதி என்றால் என்ன என்று கற்றுக்கொள்ள வேண்டும். பூச்சு எட்டு, கட்டுமானம் இரண்டு."

அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்த கட்டுரை அதுதான். தமிழில் செய்த விளையாட்டு என்று ஆசையாகக் காத்திருந்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையைச் சுருக்கிக்கொண்டார்கள். வாங்கிய சில பேர் மட்டும் கீழே வந்து முறையிட்டார்கள். ஒருவர் எழுதினார்: "முரசைக் கேட்டு ஆடிப் பாருங்கள் சார், அதில்தான் எல்லாமே இருக்கிறது." முஸ்தகீம் அவருக்கு, முரசு கேட்க வேண்டுமானால் திருவிழாவுக்குப் போகலாமே என்று பதில் போட்டார். முந்நூறு பேர் அதற்குச் சிரித்தார்கள்.

விஷ்ணு ஒரே ஒரு செய்தி அனுப்பினான். "படிச்சேன்ணே." அதற்குப் பிறகு டீக்கடைக்கு வரவில்லை.

முஸ்தகீமுக்கு வலிக்காமல் இல்லை. ஆனால் நியாயத்துக்கு விலை இருக்கத்தான் செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அந்த நினைப்பில் ஒரு சுகமும் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு வருஷம் அந்தச் சுகத்திலேயே கழிந்தது.

பிறகு ஒரு அறிவிப்பு வந்தது. 'ஆர்க்காட்டுச் சாலை' விற்பனை இந்த மாதம் முப்பதாம் தேதியோடு நிறுத்தப்படும். கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். விஷ்ணு பழையபடி ஏதோ சாஃப்ட்வேர் வேலைக்குப் போய்விட்டான் என்றும் கேள்விப்பட்டார். வாசகர்கள் சிலர், அண்ணே நீங்க அன்னிக்கே சொன்னீங்க என்று எழுதினார்கள். அப்படிச் சொல்லும்போது ஒரு இரங்கல் கட்டுரை எழுதாமல் இருப்பது மரியாதையில்லை என்று முஸ்தகீமுக்குத் தோன்றியது. எழுதுவதற்கு முன் ஒரு முறை திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

மடிக்கணினியில் சஹருடைய ஹெட்போன் செருகியிருந்தது. மூன்று மாதமாக அவள் சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதச் சொல்லிக் கொடுக்கிறாள், இணையத்தில். அதற்காக வாங்கிய யூ.எஸ்.பி. ஹெட்போன். மடிக்கணினியின் வாயை அடைத்தாலும் ஹெட்போனின் வாய் அடைபடாது. அதற்குச் சத்தம் தனி. முஸ்தகீம் அதைக் கவனிக்கவில்லை. அது மேசை ஓரமாகக் கிடந்தது, அவர் பாட்டுக்கு ஆட்டத்தைத் திறந்து, முன்பு விட்ட மூன்றாவது கட்டத்துக்குப் போனார்.

சஹர் துணி மடித்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள். "இன்னாங்க இது, ஹெட்போன்ல யாரோ மோளம் அடிக்கிறாங்க?"

"இன்னா மோளம்?"

"கேட்டுப் பாருங்க. எங்கியோ தூரமா."

எடுத்துக் காதில் மாட்டினார். இடது காதில் முரசு. தூரத்தில். வலது காதில் ஒன்றுமில்லை, தவளைகள் மட்டும். முரசு வேகமாக அடித்தது, குதிரைப்படைக்கு அடிக்கிற வேகம். அவர் எதற்கென்று தெரியாமலே மேற்குப் பக்கம் பீரங்கியைத் திருப்பினார். முரசு கிட்டத்தில் வந்தது. அரை நிமிஷத்தில் மேற்கே இருட்டிலிருந்து குதிரைகள் வந்தன.

அவர் கை சுட்டியை விட்டு எழுந்துவிட்டது. திரும்ப வைத்தார். இப்போது வலது பக்கம் பின்னால் ஒரு கிறீச்சல். மாட்டு வண்டி. பாரத்தோடு வருகிற வண்டி, அச்சு முனகுகிறது. அரிசி வருகிறது என்று அர்த்தம். வாசலைத் திறக்க வேண்டும். திறந்தார், வண்டி உள்ளே வந்தது. இன்னொரு வண்டி அதே வழியில் வந்தது, ஆனால் முனகவில்லை, கடகடவென்று ஓடிவந்தது. பாரம் இல்லாத வண்டி. அரிசி இல்லை என்றால் உள்ளே என்ன இருக்கும்? வாசலை மூடினார். வண்டிக்குள்ளிருந்து ஆட்கள் குதித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த மூன்றாவது கட்டத்தில் அவருடைய கோட்டை ஒன்பது முறை விழுந்தது இந்த வண்டியால்தான். தவளைகள் சட்டென்று நின்றன. ஆட்கள் நடக்கிறார்கள், ஏரிக்கரையில். எல்லாமே சொல்லியிருந்தான் விஷ்ணு. ஒவ்வொன்றையும் காதில் வந்து சொல்லியிருந்தான்.

ஐரோப்பா வரைபட ஆட்டத்தில்கூட இவ்வளவு ஆழத்தை முஸ்தகீம் பார்த்ததில்லை. அதை நினைத்த மாத்திரத்தில் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார். எங்கே என்று சஹர் கேட்பதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார்.

வேலப்பன்சாவடி வீட்டில் கதவைத் திறந்தது கனிமொழி. ஒரு நொடி பார்த்தாள். "வாங்க" என்றாள், வழியை விட்டாள். தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது, "எனக்கு எட்டு குடுத்தீங்க, நன்றிங்க" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

விஷ்ணு உள்ளறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தான். இளைத்திருந்தான். "சொல்லுங்கண்ணே."

"அந்த ஆட்டத்த நான் சத்தம் இல்லாமத்தான் ஆடினேன் விஷ்ணு."

அவனுக்குப் புரியவில்லை. "ஹெட்போன் இல்லாமயா? ஸ்பீக்கர்லயே தெரியுமேண்ணே, இடம் வலம் எல்லாம்."

"ஸ்பீக்கரும் இல்ல. மியூட்டு. அது மட்டும் இல்ல, எல்லாமே அப்டித்தான். இருவத்திரண்டு வருசமா. அத்தா பகல்ல தூங்குவாரு. அப்பலேந்து அப்டியே வந்துகினு கீது. இன்னிக்கு மத்தியானம்தான் கேட்டேன்."

கனிமொழி சமையலறை வாசலில் நின்றுவிட்டாள். விஷ்ணு அவளைப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினான்.

"முதல் திரையில எழுதியிருந்தோமே."

"எல்லாரும் எழுதறாங்க. அமுக்கிட்டுப் பூட்டேன்."

"எத்தன கட்டம் ஆடுனீங்க?"

"மூணு."

"பன்னெண்டு இருக்குண்ணே."

முஸ்தகீம் தலையைக் குனிந்துகொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார், வாயில் வந்தது வேறு. நடந்ததை முழுக்க எழுதிவிடுகிறேன் என்றார், இன்றைக்கே எழுதுகிறேன் என்றார்.

"எழுதுங்க, எழுதாமப் போங்க. இன்னும் மூணு நாள்தான் கடை" என்றான் விஷ்ணு. பிறகு, யாருடைய கதையையோ சொல்வது போலச் சொன்னான்: "ரெண்டு வருசமா நான் என்ன நெனச்சுட்டு இருந்தேன் தெரியுமாண்ணே? நீங்க கேட்டீங்க, எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டீங்க, வயித்தெரிச்சல்ல இப்படி எழுதிட்டீங்கன்னு. உங்கள நான் வையாத நாளே கெடயாது. ஆனா அதுல எனக்கு ஒரு ஆறுதல் இருந்துச்சு. என்ன இருந்தாலும் அண்ணன் கேட்டாருல்லா, அப்படின்னு. அதையும் இன்னைக்கு வந்து வாங்கிட்டுப் போறீங்க."

முஸ்தகீம் எழுந்து வந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது யாரும் கூட வரவில்லை.

அன்று சாயங்காலமே எழுதினார். சுற்றி வளைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு விளையாட்டையும் சத்தத்தோடு ஆடியதில்லை. 'ஆர்க்காட்டுச் சாலை'யில் மூன்று கட்டம் மட்டுமே ஆடினேன். பூச்சு என்று நான் ஒதுக்கியதுதான் அதன் கட்டுமானம். நான் எழுதியது பொய். இதை எழுதினால் பேர் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினார். அந்த ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

பேர் போனது. "அப்போ நூத்தி நாப்பது கட்டுரையும் குப்பையா பாய்?" என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. இன்னொருவன் 'மியூட் பாய்' என்று பேர் வைத்தான், அது ஒட்டிக்கொண்டது. யாரும் விஷ்ணுவைப் பற்றிப் பேசவில்லை. விளையாட்டை வாங்கியதாகவும் அதிகம் பேர் சொல்லவில்லை. கெட்டது என்று கேட்டு இரண்டு வருஷம் ஆன பொருளை, நல்லது என்று மூன்று நாளில் நம்ப யாருக்கும் பொறுமை இல்லை. பழைய கட்டுரையைத்தான் ஆட்கள் இன்னமும் தேடி வந்து படித்தார்கள்.

முப்பதாம் தேதி அதை விற்ற இணையக் கடையின் பக்கம் வெறுமையானது. ஏற்கெனவே வாங்கியவர்கள் மட்டும் ஆடலாம். முஸ்தகீம் வாங்கியிருந்தாரே, கம்பெனியிலிருந்து வந்ததும் சஹர் வகுப்பு தொடங்கும் வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு தினம் ஆடினார். நான்காவது கட்டம், ஐந்தாவது கட்டம் என்று போயிற்று. ஏழாவது கட்டத்தில் கோட்டைக்குள்ளேயே ஒருவன் துரோகி. ராத்திரியில் அவன் இருமுகிற திசையை வைத்துத்தான் அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இருமலைக் கேட்டபோது டீக்கடையில் விஷ்ணு சொன்னது ஞாபகம் வந்தது. அதற்கு மேல் அன்றைக்கு ஆடவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பன்னிரண்டாவது கட்டம் முடிந்தது. முரசுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இருட்டு விலகி, சாலை முழுக்க முதல் முறையாகத் தெரிந்தது, ஆர்க்காட்டிலிருந்து பட்டணம் வரை, கனிமொழி வரைந்த சாலை. பேர்கள் ஏறி வந்தன. படங்கள், நிரல், ஒலிப்பதிவு, வண்டி கொடுத்து உதவிய குத்தம்பாக்கத்துக்காரர். எல்லாம் போன பிறகு திரையில் மூன்று வரி மட்டும் நின்றது.

"சத்தம் வேறு, ஆழம் வேறு என்று எங்களோடு இரண்டு வருஷம் சண்டை போட்ட பூந்தமல்லி முஸ்தகீம் அண்ணனுக்கு. அவர் மட்டும் ஒத்துக்கொண்டால் போதும் என்றுதான் இதைச் செய்தோம். அண்ணே, இப்போது சொல்லுங்கள்."

முஸ்தகீம் அதைப் படித்தார். திரும்பப் படித்தார். அந்த வரிகள் தாமாக மறையவில்லை. ஒரு பட்டனை அமுக்கினால்தான் போகும் போல.

"ஏங்க, கிளாஸுக்கு நேரமாச்சு" என்று சஹர் வந்து நின்றாள். திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாள். "முடிஞ்சுதா? ஜெயிச்சிட்டீங்களா?"

"ஜெயிச்சிட்டேன்" என்று சொல்லி, ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.